ராட்டினம் இறங்கும் நேரம்

மதுரை தமுக்கம் பொருட்காட்சியில் ராட்சத ராட்டினம் ஆள் ஏற்றிக்கொண்டிருக்கிறது. உச்சித் தொட்டிலில் சயின்ஸ் வாத்தியார் பசுபதி காலைப் பேப்பரை மறுபடி விரிக்கிறார். விண்வெளி வீரரையும் பூமி இழுத்துக்கொண்டுதான் இருக்கிறதாம். அவர் ஓயாமல் விழுந்தபடியே சுற்றுவதால்தான் கனம் தெரிவதில்லையாம். மேற்கே நாகமலைக்குப் பின்னால் வெயில் சிவந்து அணைகிறது. சட்டென்று ராட்டினம் இறங்குகிறது. அடிவயிறு மேலே எழும்புகிறது. மடியிலிருக்கும் கடலைப் பொட்டலம் இருப்பதே தெரியவில்லை. "கிணத்துல குதிச்ச மாதிரி இருக்கு" என்று மனைவி பாலாம்பாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். பசுபதிக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால், எழுமலைப் பள்ளிக்கூடத்தில், ஒன்பதாம் வகுப்பு மாயக்காள் முழுப்பரீட்சையில் இதைத்தான் எழுதியிருந்தாள்: கிணற்றில் குதிக்கிறவருக்குக் கனம் தெரியாது, விண்வெளி வீரரும் அப்படி விழுந்துகொண்டே இருக்கிறார். 'அங்கே ஈர்ப்பு விசை கிடையாது' என்று பசுபதிதான் சிவப்பு மையில் எழுதி அதை அடித்துவிட்டார். அந்த இரண்டு மார்க்கில் அவள் பெயில். "பெயிலான பொம்பளப்பிள்ளைக்கு எதுக்கு சார் படிப்பு?" என்று அவள் அப்பா டி.சி. வாங்கிப் போனார். வாசல்வரை போனவள் திரும்பி நின்று ஒன்றே ஒன்று கேட்டாள். "அங்க ஈர்ப்பே இல்லைன்னா, நிலா எப்பிடி சார் நம்மள விட்டுப் போகாம சுத்துது?" "சிலபஸ்ல இல்ல, போம்மா" என்றார். தொட்டில் மறுபடி மேலே ஏறுகிறது. கிழக்கே, ஆனைமலைக்கு மேலே, சித்திரை நிலா முழுசாக எழுந்து நிற்கிறது.