தொட்டியின் தக்கை

"குளியல் தயார். வந்து குளிக்கலாம்" என்றது சுவரில் இருந்த வெந்நீர் இயந்திரம், பெண் குரலில்.

ஒகுமுராவை அந்த வீட்டில் வாய்விட்டுக் கூப்பிடுவது அது ஒன்றுதான்.

ஆறு மணிக்குத் தொட்டி தானாக நிரம்பும்படி எமீலியோவுக்காக வைத்த நேரம். யாரும் மாற்றவில்லை. எமீலியோ காலையிலேயே தன் ஊருக்குத் திரும்பிப் போய்விட்டான்.

பத்து மாதத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் ஒகுமுராவும் மனைவி தொமோயேவும் சொந்தத் தொட்டியில் இறங்கலாம்.

ஒகுமுரா சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, தண்ணீருக்கு அடியில் துளையை அடைத்திருந்த தக்கையையும் அதன் சங்கிலியையும் பார்த்தபடி நின்றார்.

எமீலியோ பராகுவேயிலிருந்து படிக்க வந்தவன். இவர்கள் வீட்டு மாடியில் தங்கினான். வந்த முதல் நாள், விருந்தாளி என்று அவனுக்குத்தான் முதல் குளியல். வெளியே உட்கார்ந்து சோப்புப் போட்டுச் சுத்தமாகக் கழுவிக்கொண்டு, பிறகு தொட்டியில் இறங்கி ஊறினான். அதுவரை சரி.

ஏறும்போது தக்கையை இழுத்துவிட்டான்.

அதோடு விட்டானா, தொட்டியைத் தேய்த்துக் கழுவி, துடைத்து, பளபளவென்று வைத்துவிட்டு வந்தான். தான் குளித்த தண்ணீரை அடுத்தவருக்கு விட்டுவைப்பது அவன் ஊரில் கேவலம்.

இங்கே வீடு மொத்தமும் ஒருவர் பின் ஒருவராக ஊறுவது அந்த ஒரு தொட்டித் தண்ணீரில்தான் என்று அவனிடம் யார் சொல்வது?

"நீங்க சொல்லுங்க."

"நீ சொல்லேன்."

இருவரும் சொல்லவில்லை. சொன்னால் பையன் கூசிப்போவான். மறுபடி நிரப்பலாம் என்றால் தண்ணீர் விழும் சத்தம் மாடிக்குக் கேட்கும். கேட்டால் புரிந்துவிடும். புரிந்தால் கூசிப்போவான்.

இரண்டு பேசினை எடுத்துக்கொண்டு ஆற்றோரத்துப் பொதுக் குளியலகத்துக்கு நடந்தார்கள். "எங்களுக்கு அங்கதான்ப்பா வசதி" என்று அவனிடம் சொல்லிவைத்தார்கள். முதல் நாள் சொல்லாததை மூன்றாம் நாள் சொல்ல முடியுமா? மூன்றாம் மாதம்?

போக பன்னிரண்டு நிமிடம், வர பன்னிரண்டு நிமிடம்.

ஒகுமுரா முப்பத்தைந்து வருடம் தபால் நிலையத்தில் இருந்தவர். ஊரார் எழுதியதையெல்லாம் சரியான இடத்தில் சேர்த்தவருக்கு, எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவளிடம் ஒரு வாக்கியம் சேர்க்கத் தெரியாது. ஓய்வு பெற்ற நாலு வருடமாக வீட்டில் பேச்சு என்றால், "இன்னைக்கு எந்தக் குப்பை?" "பிளாஸ்டிக்." செவ்வாய்க்கிழமை குப்பை வண்டி வராது. அன்றைக்கு அதுவும் கிடையாது.

முதல் வாரம் செருப்புச் சத்தம் மட்டும்தான் பேசியது.

அப்புறம் ஒருநாள், மழைக்கோட்டு போட்ட ஒரு நாயைப் பார்த்துவிட்டு, "நம்ம பழைய போஸ்ட் மாஸ்டர் நடக்கிற மாதிரியே இருக்கு" என்றார். தொமோயே பாலத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மறுநாள் காலையிலிருந்தே ஒகுமுரா சாயங்காலம் சொல்வதற்கு ஏதாவது அகப்படுமா என்று ஊரைச் சுற்றினார்.

குளியலகத்தில் ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவே ஒரு சுவர். அது கூரைவரை போகாது. ஜூன் மாதம் ஒருநாள் அவர் சோப்பை மறந்துவிட்டார். அந்தப் பக்கத்திலிருந்து, "இந்தாங்க, பிடிங்க" என்று சோப்பு பறந்து வந்தது. பிடிக்கத் தெரியவில்லை. ஒரு மேஸ்திரியின் வழுக்கை மண்டையில் விழுந்து, வழுக்கி, தொட்டிக்குள் போனது. ஆண்கள் பக்கமே சிரித்தது. சுவருக்கு அப்பால் தொமோயே சிரிப்பதும் கேட்டது.

அன்றிலிருந்து ஒகுமுரா தினமும் சோப்பை மறந்தார். மனுஷனுக்கு ஞாபகசக்தி போய்விட்டதோ என்று தொமோயே கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

இப்போது பிப்ரவரிக் குளிர். வெளியே பனித்தூறல். உள்ளே தொட்டி நிறைய வெந்நீர். என்ன காரணம் சொல்லி அவளைக் குளியலகத்துக்குக் கூப்பிடுவது?

'உன்கூட நடக்கணும்.' இரண்டே சொல்தான். தபால் அட்டையில்கூட முக்கால்வாசி இடம் மிஞ்சும். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருடமாக அவர் நாக்கு அதை ஏற்றுக்கொள்ளவில்லை. இன்றைக்குச் சொல்லாவிட்டால் நாளைக்கு மறுபடியும் பிளாஸ்டிக்.

கையைத் தண்ணீருக்குள் விட்டார். சுட்டது.

இழுத்தார்.

தண்ணீர் ஒரு சுழி சுழித்து இறங்க ஆரம்பித்தது. 'சங்கிலியில் கை மாட்டிக்கிச்சு' என்ற பொய்யை இரண்டு முறை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வெளியே வந்தார்.

வாசல் படியில் தொமோயே உட்கார்ந்திருந்தாள். காலில் ஷூ. கழுத்தில் மப்ளர். பக்கத்தில் துணியில் கட்டிவைத்த இரண்டு பேசின்.

"சங்கிலியில..." என்று ஆரம்பித்தார்.

"சத்தம் கேட்டுச்சு" என்றாள். ஷூ நாடாவை முடிந்துகொண்டே, அவரைப் பார்க்காமல், "வந்த ரெண்டாவது வாரமே எமீலியோ எங்கிட்ட மன்னிப்புக் கேட்டான். வகுப்புல யாரோ சொல்லிட்டாங்களாம். நான்தான் நிறுத்தாதேன்னேன். தினமும் தவறாம இழுத்து விட்டுடுன்னு சொல்லிவச்சேன்."

உள்ளே கடைசித் தண்ணீர் நீளமாக உறிஞ்சிக்கொண்டு போனது.

ஒகுமுராவின் காது சிவந்தது. வெந்நீரில் இருந்தது கை மட்டும்தான்.

தொமோயே எழுந்து ஒரு பேசினை அவரிடம் நீட்டினாள்.

"சோப்பு?"

"மறந்துட்டேன்" என்றார் ஒகுமுரா.