பதிலுக்குப் போகிறவன்

பந்து மணலில் விழவே இல்லை.

ஷபீ அஹமது அதை ஹாக்கி மட்டையின் நுனியிலேயே தட்டித் தட்டி, பாலாற்றின் கரையோரத்திலிருந்து நடு ஆறு வரைக்கும் ஓடினான். அங்கிருந்து திரும்பி ஓடி வந்தான். திரும்பும்போதும் விழவில்லை.

கரைமேல் பனைமரத்து ஓரம் நின்ற கனகராஜ் வாயை மூட மறந்துவிட்டான்.

அவன் மேல்விஷாரத்துக்கு வந்த காரியமே வேறு. ஷபீயின் ஆட்டத்தில் ஒரு குறையைக் கண்டுபிடித்துவிட்டுப் போக வந்திருந்தான்.

நாடு குடியரசான மறு வருஷம் அது. தோல் பதனிடும் ஷாப்புகளுக்குள் நடக்கும் ஹாக்கிப் போட்டியில், கனகராஜ் வேலை பார்க்கும் ஆம்பூர் ஷாப்பு தட்டுத் தடுமாறி அரையிறுதிக்கு வந்திருந்தது. அரையிறுதிக்கு முன்னால் ஆள் மாற்றிக்கொள்ளலாம். ஆடுகிறவன் அந்த ஷாப்பில் வேலை பார்க்கிறவனாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதனால் அங்கிருப்பவன் இங்கே வருவான், இங்கிருப்பவன் அங்கே போவான். மட்டையோடு பிழைப்பும் இடம் மாறும்.

முதலாளி அப்துல் வஹாபுக்கு மட்டையை எப்படிப் பிடிப்பது என்றுகூடத் தெரியாது. ஆனால் ஜெயிக்கிற அணிக்குக் கிடைக்கும் ஷீல்டு என்றால் மனுஷனுக்கு உயிர். மூன்று இடத்திலிருந்து பேச வந்தார்கள்.

வாணியம்பாடிக்காரர்கள் ஒரு கோல்கீப்பரைத் தருவதாகச் சொல்லிவிட்டு, பதிலுக்குப் பின்னால் நின்று காக்கும் இரண்டு பேரையும் கேட்டார்கள். "கதவைக் குடுத்துட்டுப் பூட்டு வாங்கச் சொல்றானுங்க" என்று முதலாளி சிரித்து அனுப்பிவிட்டார். ராணிப்பேட்டையிலிருந்து இடது ஓரத்தில் ஆடும் ஒரு லெஃப்ட் அவுட் வருவதாக இருந்தான். ஆள் கெட்டிக்காரன்தான், ஆனால் அவன் முழங்கால் அவனுக்கு முன்பே ரிட்டையராகிவிட்டது.

மூன்றாவது மேல்விஷாரம். கோட்டை விட்ட தங்கள் கோல்கீப்பரின் புண்ணியத்தில் அவர்கள் லீக் சுற்றோடு வெளியேறியிருந்தார்கள். சென்டர் ஃபார்வர்டுக்கு வலப்பக்கம் ரைட் இன் ஆடும் ஷபீயைக் கொடுக்கிறோம், அடுத்த வருஷப் போட்டிக்காக உங்கள் சென்டர் ஃபார்வர்டை இப்போதே எங்கள் ஷாப்புக்கு அனுப்பிவிட வேண்டும் என்றார்கள்.

ஆம்பூரின் சென்டர் ஃபார்வர்டு கனகராஜ்தான்.

நான்கு வருஷமாக அந்த அணியைத் தோளில் சுமந்தவன். இதுவரை ஷீல்டைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. இந்த முறை வேலூர்க் கோட்டை மைதானத்தில் அரையிறுதி என்று தெரிந்த நாளிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. ஷபீ வந்தால் அவன் அந்த ஆட்டத்தைக் கூட்டத்தோடு கூட்டமாக நின்று பார்க்க வேண்டியதுதான்.

அப்துல் வஹாப் ஒளிவுமறைவு தெரியாத மனுஷர். கனகராஜையே கூப்பிட்டார்.

"நீயே போய்ப் பாத்துட்டு வா. நீ வேணாம்னா வேணாம்."

அந்த 'வேணாம்' என்கிற வார்த்தையை ஆம்பூரிலேயே தயார் செய்துகொண்டுதான் கனகராஜ் பஸ் ஏறினான்.

இப்போது கரையிலிருந்து இறங்கினான். லுங்கியில் சுற்றி எடுத்து வந்த மட்டையைப் பிரித்தான். மணலில் பந்தை ஏந்திக்கொண்டு போவது வேடிக்கை காட்டுகிற வேலை, எதிரே ஆள் நின்றால் தெரிந்துவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஈரம் காய்ந்து தரை இறுகிக் கிடந்த இடத்தில் போய்க் காலை அகட்டி நின்றான்.

"என்னைத் தாண்டிப் போ, பாக்கலாம்."

ஷபீ சிரித்தான். இடது பக்கம் தாண்டினான். அடுத்த முறை வலது பக்கம். அதற்கடுத்த முறை எந்தப் பக்கம் என்று கனகராஜுக்கே தெரியவில்லை. பந்து அவன் கால்களுக்கு நடுவே புகுந்து அந்தப் பக்கம் போய் ஷபீக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

கனகராஜுக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு வெட்கமாக இருந்தது. அதற்குப் பிறகு வந்ததை என்ன சொல்வது, உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

நாலாவது முறை அவன் மட்டையை நீட்டவே இல்லை. தடுக்கப் போனால் பார்க்க முடியாதே.

ஷபீ மூச்சு வாங்க வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். ஆவாரம்பட்டைச் சாறு ஏறி அவன் கை முழங்கை வரைக்கும் பழுப்பேறிக் கிடந்தது. காலையிலிருந்து தொட்டியில் தோல் புரட்டிய கைதான் இதையெல்லாம் செய்தது என்று கனகராஜால் நம்ப முடியவில்லை. அதே பழுப்பு ஏறிய தன் கையையும் ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

'வேணாம்' எங்கே போனதென்று தெரியவில்லை. இந்த ஆட்டத்தைக் கோட்டை மைதானத்தில் ஊரே பார்க்க வேண்டும். அதை மட்டும்தான் அவனால் நினைக்க முடிந்தது. முதலாளியிடம் சொல்ல வேண்டியது முடிவாகிவிட்டது. மட்டையை மறுபடி லுங்கியில் சுற்ற ஆரம்பித்தான்.

"போன மாசம் உன் ஆட்டத்தைப் பாத்தேன்பா" என்றான் ஷபீ. "அதனாலதான் ஆம்பூருக்கு வர்றேன்னு ஒத்துக்கினேன். உன் பக்கத்துல நின்னு ஒரு தபாவாவது ஆடணும்."

கனகராஜ் குனிந்தபடியே லுங்கியின் முனையை மட்டையோடு இறுக்கி முடிந்தான்.

"ஆமா, எனக்குப் பதிலா உங்க ஷாப்புலேர்ந்து யாரு வர்றான்?" என்று கேட்டான் ஷபீ.

முதலாளிகள் அவனிடம் அதைச் சொல்லவில்லை போலிருக்கிறது.

"எவனோ ஒருத்தன்" என்றான் கனகராஜ். "உன் அளவுக்கு ஆட மாட்டான்."

பொழுது சாய இன்னும் கொஞ்சம் இருந்தது. கனகராஜ் சுற்றிய லுங்கியைப் பிரித்து மட்டையைக் கையில் எடுத்தான்.

"அரையிறுதி வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்? வா, இப்பவே ஆடலாம்."