பக்கத்து வீட்டுப் பெண்

"மகளா? அவ இந்தப் பக்கம் தலைவெச்சே படுக்கிறதில்லைம்மா!"

கட்டிலில் சாய்ந்திருந்த பெரியவர் இப்படிச் சொன்னதும் அலுவலருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பக்கவாதத்தில் ஒரு கையும் காலும் விழுந்துவிட்ட மனிதர். வயதானவர்களுக்கு வீட்டுக்கே உதவியாள் அனுப்பும் மையத்திலிருந்து, அவர் நிலைமையைப் பார்க்க வந்திருந்தார் அந்த அம்மாள்.

"அப்ப யார்தான் உங்களைப் பார்த்துக்கறாங்க?"

"இதோ, பக்கத்து வீட்டுப் பொண்ணு. மனசு இரங்கி வந்துட்டுப் போகுது."

அந்தப் பெண் சூப்பை ஊதி ஆற்றிக்கொண்டிருந்தாள். "ஐயா, தாடையைக் கொஞ்சம் தாழ்த்திக்குங்க. புரையேறிடும்" என்று ஒவ்வொரு கரண்டியாக ஊட்டினாள். கடைவாயில் வழிந்ததைக் கையாலேயே துடைத்துவிட்டாள்.

அலுவலருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"யாரோ பெத்த பொண்ணு நீ. முகம் சுளிக்காம செய்யறே. அவ மட்டும் என் கையில கிடைச்சா, நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்பேன். அதெல்லாம் மனுஷ ஜென்மமா?"

"இல்லை மேடம்" என்றாள் பெண், கரண்டியைப் பார்த்தபடி. "கல்நெஞ்சுக்காரி."

"இதுல வேடிக்கையைப் பாரு. மக கூடவே இருந்தா, அவளே பார்த்துக்கட்டும்னு எங்க மையம் ஆள் தராது. இப்படி நட்டாத்துல விட்டுட்டுப் போனாத்தான் தரும்! கவலைப்படாதீங்க ஐயா, நாளையிலேர்ந்து பகல் முழுக்க ஆள் இருக்கும்."

வெளியே வந்த அலுவலர், அவிழ்ந்திருந்த ஷூ கயிற்றை வராந்தாவில் குனிந்து கட்டினார். உள்ளே பெரியவர் கேவிக் கேவி அழுவது கேட்டது.

"மனுஷ ஜென்மமான்னு கேட்டுட்டாங்களேம்மா... நானும் வாய்கூசாம உன்னைப் பத்தி..."

"கேட்கட்டும்ப்பா. லீவு போட்டுப் போட்டு ஏற்கெனவே ரெண்டு வேலை போச்சு. இதுவாவது நிலைக்கணும்ல? பகல்ல உங்ககூட ஆள் இருக்கும், எனக்கு அது போதும். அழாதீங்க, புரையேறும்."

அலுவலரின் கை கயிற்றிலேயே நின்றுவிட்டது. மையத்தின் விதிப்படி, இப்போதே உள்ளே போய் உதவியாளை ரத்து செய்தாக வேண்டும்.

கதவைத் தள்ளித் திறந்தார். அப்பாவும் மகளும் வெலவெலத்துப் போனார்கள்.

"பக்கத்து வீட்டம்மா..." என்றார் அலுவலர். "கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. வராந்தா வரைக்கும் கேட்குது."