மரத்தில் கட்டிய கேமரா

"மாட்டினான்டி!" பெவர்லி சமையலறை மேஜையைத் தட்டியதில் காபி தளும்பியது.

மான் வேட்டைக்காரர்கள் மரத்தில் கட்டி வைக்கிற, எதிரே ஏதாவது அசைந்தால் தானே படம் எடுக்கிற கேமரா அது. நேற்று சாயங்காலம்தான் ரோண்டா வீட்டுத் தபால் பெட்டிக்கு எதிரே கட்டியிருந்தார்கள். பக்கத்தில் புதிதாக ஒரு பலகையும் நட்டிருந்தார்கள். 'மாநில விவசாய ஆணையராக ரோண்டா காடில்.'

படத்தில் அந்தப் பலகையின் எழுத்துப் பக்கத்தை நெஞ்சோடு அணைத்து ஒரு கிழவர் பிடுங்கிக்கொண்டிருந்தார். தலையில் தொப்பி, காலில் ரப்பர் பூட்ஸ். மூலையில் நேரம், காலை 6.12.

"லூதர் ஸ்டிடம்," என்றாள் ரோண்டா. பக்கத்துப் பண்ணைக்காரர்.

அந்தப் பதவிக்குக் கட்சி வேட்பாளர் யார் என்று ஓட்டுப் போட்டு முடிவு செய்யும் முதல் சுற்றுத் தேர்தல் அது. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலம் முழுக்க ஓட்டு. அதே கட்சியில் எதிராளியான ப்ளெட்சருக்கு டிவி விளம்பரம், தனி விமானம். நாற்பது மாடு வைத்துப் பால் கறக்கும் ரோண்டாவுக்கு ஒரு ஓட்டை வேனும், தோழி பெவர்லியும், சர்ச் வாசலில் ஆப்பிள் பை விற்று அச்சடித்த நானூறு பிளாஸ்டிக் பலகைகளும்தான். இன்னும் ஒன்பது நாள்.

பலகை போனால் போகிறது. அது போன விதம்தான் அவளைத் தூங்கவிடவில்லை. முதலில் நெடுஞ்சாலை முக்கில் நட்டவை எல்லாம் காணோம். அப்புறம் சர்ச் பக்கத்தில். அப்புறம் ஓடைப் பாலத்தில். முந்தாநாள் அவள் வீட்டு வாசலிலேயே. யாரோ ஒவ்வொரு எட்டாக வீட்டை நோக்கி வருகிறார்கள்.

அந்த வட்டாரத்தில் யாரும் வீட்டைப் பூட்டுவது கிடையாது. ரோண்டா இரண்டு தாழ்ப்பாள் போட்டாள். ஒன்பது வயது மகள் டெல்லாவைத் தன்னோடு படுக்க வைத்துக்கொண்டாள்.

"ராத்திரி ஏதாவது பதிவாகியிருக்கா பெவ்?"

"ரெண்டு மணிக்கு ரெண்டு படம். ஏதோ கார் வெளிச்சம் அடிச்சு வெள்ளையாப் போச்சு. அது கெடக்கட்டும், இதைப் பாரு! தன் வாசல்ல ப்ளெட்சர் பலகையை நட்டு வச்சிருக்கற ஆளு. ஞாயித்துக்கிழமை சர்ச்ல உண்டியல் ஏந்தற கையி! இந்தப் படம் ஆயிரம் ஓட்டு வாங்கித் தரும்டி. ஃபேஸ்புக்ல போடறேன்."

"நேர்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"கேட்டா 'ஆமாம்மா, நான்தான் திருடினேன்'னு சொல்லப்போறாரா? நீ நல்லவளாவே இரு. ப்ளெட்சர் ஆணையரா இருப்பான்."

நாலு நாள் பயந்து கிடந்தவளுக்குக் கோபம் வந்தால் உடம்பில் ஒரு தெம்பு வரத்தான் செய்கிறது.

"பேரோட போடு," என்றாள் ரோண்டா.

பத்து மணிக்குள் எண்ணூறு பேர் அதைப் பகிர்ந்துவிட்டார்கள். இத்தனை பேர் நம் பக்கம் என்ற தைரியத்தில் வேனை எடுத்துக்கொண்டு லூதர் வீட்டுக்குப் போனாள். அவருடைய வண்டியின் பின் கண்ணாடியில் துப்பாக்கி மாட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் வந்த தைரியத்தில் பாதி இறங்கிவிட்டது.

"மிஸ்டர் ஸ்டிடம், என் பலகையெல்லாம் எங்க?"

லூதர் மறுக்கவில்லை. "நீயே வந்துட்டியா? உள்ள வா," என்று புகையிலைக் கொட்டகைக்குள் நடந்தார்.

உள்ளே இருட்டு. டர்பன்டைன் நெடி. திரும்பி ஓடிவிடலாமா என்று கால் துடித்தது.

அவர் விளக்கைப் போட்டார். சுவர் ஓரமாகப் பதினோரு பலகைகள், எல்லாம் துடைத்துச் சுத்தமாக. மேஜை மேல் பன்னிரண்டாவது, அவள் வாசலில் இன்று காலை பிடுங்கியது. அதன் மேல் சிவப்புப் பெயின்ட்டில் எழுதியிருந்தது: 'விலகிடு. இல்லேன்னா கொட்டகையோட கொளுத்துவோம்.'

ரோண்டா அதை இரண்டு முறை படித்தாள்.

"இதுவரைக்கும் வெறும் அசிங்கமாத்தான் எழுதினானுங்க. டர்பன்டைன் போட்டுத் துடைச்சிட்டேன். ஒவ்வொண்ணும் துடைக்க ரெண்டு மூணு மணி நேரம் ஆகுது, நேத்து ராத்திரிதான் எல்லாம் முடிஞ்சது, இன்னிக்குத் திரும்ப நடலாம்னு இருந்தேன். இன்னிக்கு இதைப் பார்த்ததும் ஷெரிஃப் போலீஸுக்குப் போன் பண்ணிட்டேன், பத்து மணிக்கு மேல வர்றதாச் சொன்னாங்க. இதைத் துடைக்கக் கூடாதாம். உன்கிட்டயும் சொல்லத்தான் இப்பக் கிளம்பினேன்."

"யாரு... எழுதினது?"

"தெரியலம்மா. ராத்திரி கார்ல வர்றானுங்க."

"நீங்க ப்ளெட்சர் ஆளாச்சே?"

"இப்பவும் அவருக்குத்தான் என் ஓட்டு. பால் கணக்கு உனக்குத் தெரியும், சட்டம் தெரியாது. நீ தோக்கணும், சந்தேகமே இல்ல. ஆனா ஓட்டுல தோக்கணும், பயத்துல இல்ல."

"முதல்லயே என்கிட்ட சொல்லியிருக்கலாமே..."

"சொல்லியிருக்கணும்தான். வாய் வரல. அந்த வார்த்தையெல்லாம் ஒரு பொம்பளைகிட்ட எப்படிச் சொல்றது?" லூதர் கையிலிருந்த துணியை மடித்தார். "உன் பொண்ணு ஸ்கூல் பஸ் ஏழு மணிக்கு இந்த ரோட்டுலதானே போகுது? அதுக்குள்ள எடுத்துடணும்னு மட்டும்தான் தோணிச்சு."

ரோண்டாவின் சட்டைப் பையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. அதை நிறுத்தலாம் என்று வெளியே எடுத்தாள்.

லூதரின் படத்துக்குக் கீழே, ரோண்டா பெயர் போட்ட பிரசார ரிப்பனைக் குத்திக்கொண்டு சிரிக்கும் யாரோ ஒருவர் எழுதியிருந்தார்: 'இந்தக் கிழவன் வீட்டுக்கு எனக்கு வழி தெரியும். கொட்டகையோட கொளுத்திடலாம், வர்றீங்களா?'

ரோண்டாவின் ஆதரவாளர்கள் முந்நூற்றுப் பதினாறு பேர் அதற்கு லைக் போட்டிருந்தார்கள்.