பதினாறு பேருக்கு ஒரு பிராசசர்

“வேகமெல்லாம் எனக்கு வேண்டாம் தம்பி. பதினாறு பேரும் ஒரே நேரத்துல உள்ள நுழையணும். ஒருத்தன் படுத்துட்டாலும் மத்தவன் அசையக் கூடாது. அதுக்கு எந்த பிராசசர் தாங்கும், அதச் சொல்லு.”

கம்ப்யூட்டர் கடைக்காரர் பெரியவரை ஏற இறங்கப் பார்த்தார். நரைத்த தலை, மடிப்புக் கலையாத சட்டை. எறும்பை மிதித்தால்கூட மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போகிற முகம்.

“ஒரே கம்ப்யூட்டருக்குள்ள பதினாறு தனித்தனி கம்ப்யூட்டர் இருக்கற மாதிரி விர்ச்சுவல் மெஷின் ஓட்டணும், அதானே சார்? அப்ப இதப் பாருங்க. ஆறு கோர்தான், ஆறு மூளை மாதிரி, ஆனா வேகத்துல பிச்சு உதறும்.”

“அது விளையாடற பசங்களுக்கு. எனக்கு எட்டு கோர் வேணும், நிதானமா ஓடினா போதும். கோருக்கு ரெண்டு பேர்னு உட்கார வெச்சிடுவேன்.”

ஒரு அலுவலகத்தின் சர்வர் அறையில் ஆயுசு முழுக்கக் குப்பை கொட்டியவர் அவர். அவர் காதில் யாரும் பூச்சுற்ற முடியாது. கடைக்காரர் எட்டு கோர் டப்பாவை எடுத்து வைத்தார்.

“ஒவ்வொண்ணுக்கும் வேற வேற பேர் வெக்கணும். வெவ்வேற வீட்லேர்ந்து வர்ற ஆளுங்க மாதிரித் தெரியணும். முகம் மட்டும் தெரியக் கூடாது.”

கடைக்காரர் முகம் சுருங்கியது. “தப்பா நெனைக்காதீங்க சார். பொய்ப் பேர்ல ஆள் சேத்து ஊர ஏமாத்துறவங்க இங்க வர்றதுண்டு. நாளைக்கு போலீஸ் வந்து நின்னா என் பொழப்பு நாறிடும்.”

பெரியவருக்குச் சுருக்கென்றது. வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்றுதான் வந்திருந்தார்; நடக்கிற காரியமாகத் தெரியவில்லை.

“என் வீட்டுக்காரி டீச்சர். பள்ளிக்கூடத்துல வேலை போனதும் சுவத்தப் பாத்துப் படுத்துட்டா. சோறு தண்ணி இறங்கல. அப்புறம் சாயங்காலத்துல ஆன்லைன்ல கணக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பிச்சா பாரு, அன்னிக்குத்தான் எழுந்து தலைய வாரினா.”

“நல்லதுதானே சார்?”

“பிள்ளைங்க ஒவ்வொண்ணா கழண்டுக்கிச்சு. கடைசிப் பையனோட அம்மா, டீச்சர்கிட்ட சொல்ல மனசு வரலைன்னு எனக்கு போன் பண்ணி நிறுத்திட்டாங்க. இவ எங்கிட்ட மூச்சு விடல. கதவச் சாத்திக்கிட்டு தினம் காலி வகுப்புக்குப் பாடம் நடத்துறா. நேத்து தொண்டை கட்டி, எங்கிட்ட சைகையிலதான் தண்ணி கேட்டா. சாயங்காலம் வெளியில நின்னு கேக்கறேன், குரல் கணீர்னு வருது. ‘புரிஞ்சுதா, புரிஞ்சுதா’ன்னு கேட்டுக்கிட்டே இருக்கா.”

சொல்லும்போதே பெரியவருக்கு அழுகை வந்தது. பாடம் என்று வந்தால் அவளுக்குக் குரல் எங்கிருந்தோ வந்துவிடுகிறது என்று கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

“வகுப்புல பதினாறு பேர் தெரிஞ்சா போதும். ஆளுக்கு ஒரு தடவ ‘புரியுது மிஸ்’னு தட்டிவிட்டா அவ பொழச்சுக்குவா. இல்லேன்னா திரும்பவும் படுத்துடுவா தம்பி. இந்தத் தடவ எழுந்திருக்க மாட்டா.”

கடைக்காரர் பில் போடவில்லை. டப்பாவை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“டீச்சரம்மா இடது கையால எழுதுவாங்களா? கண்ணாடிய கயித்துல கோத்து கழுத்துல மாட்டியிருப்பாங்களா?”

“ஆமாம். உனக்கு எப்படித் தெரியும்?”

“போன மாசம் வந்தாங்க சார். பழைய பாடத்தையெல்லாம் ரெக்கார்டு பண்ணி வெச்சிருந்தாங்க. சாயங்காலமானா அது தானா ஓடணும், வெளியில இருக்கறவருக்குச் சத்தம் கேட்டா போதும்னாங்க. நாந்தான் செஞ்சு குடுத்தேன்.”

பெரியவருக்கு ஒன்றும் ஏறவில்லை. “அப்ப பாடம்?”

கடைக்காரர் அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

“அந்த வகுப்புல இப்ப டீச்சரும் இல்ல சார்.”