மீன் பொட்டலம்

கயிறு ஃபேக்டரிப் பெண்கள் ஐந்து பேர் மதியச் சாப்பாட்டுக்கு மாநில எல்லை தாண்டிக் கள்ளுக்கடைக்குப் போனார்கள். அந்தக் கடை மீன்குழம்புக்குப் பேர்போனது. கணவன் உயிரோடிருந்த காலத்தில் அவனை அழைத்துவர எத்தனையோ முறை அதன் வாசலில் நின்றிருந்த வஞ்சியம்மாள், அன்றுதான் முதல்முறையாக உள்ளே கால்வைத்தாள்.

பரிமாற வந்தவர் அவளை உற்றுப் பார்த்தார்.

"ஆறுச்சாமியண்ணன் வீட்டுக்காரம்மாதானுங்களே? உங்களுக்கு மீன் பொட்டலம் கட்டச் சொல்லிட்டுத்தான் அவரு குடிக்கவே உக்காருவாரு."

அந்தப் பொட்டலங்களை அவள் ஒரு நாளும் பிரித்ததில்லை. கோபத்தில் அப்படியே தெருநாய்க்கு வீசிவிடுவாள்.

"என்ன மீனுங்க அது?"

"வரால்."

இலையில் விழுந்த துண்டில் முள்ளெடுத்து, மெதுவாக வாயில் வைத்தாள்.

"எப்படிக்கா இருக்குது?" என்றாள் கூட வந்த பழனாத்தாள்.

வஞ்சியம்மாள் நிதானமாக மென்று விழுங்கினாள்.

"நல்லாத்தான் இருந்திருக்குது."