சகலையின் இயற்கை வயல்

முகத்தில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, முதுகில் ஸ்பிரேயர் டேங்கோடு சின்னவர் வரப்பைத் தாண்டினார். போனது தன் வயலுக்குள் அல்ல, சகலையின் வயலுக்குள். பட்டப்பகலில் ஒரு மனிதர் இப்படிப் பதுங்கினால் அது நல்ல காரியத்துக்காகவா இருக்கும்?

இருவரும் அக்கா தங்கையைக் கட்டியவர்கள். மாமனார் ஆளுக்குப் பாதியாகக் கொடுத்த நிலத்தில், பக்கத்துப் பக்கத்தில் நிலக்கடலை போட்டிருந்தார்கள். பெரியவர் ஊரறிந்த இயற்கை விவசாயி. வேப்பிலைக் கரைசலைத் தவிர வேறெதையும் செடிக்குக் காட்டமாட்டார். சின்னவர், கடை மருந்தை வாங்கி அடிக்கும் சாதாரணப் பாவி.

"அக்கா வீட்டுக்காரரைப் பாருங்க. அவரு வயல்ல எந்த இலையிலயாவது ஒரு புள்ளி இருக்கா? நீங்களும்தான் இருக்கீங்க, விஷத்தை ஊத்திக்கிட்டு!"

சின்னவரின் மனைவி தினமும் சோற்றோடு சேர்த்துப் பரிமாறும் வார்த்தை இது. மனுஷனுக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்?

பெரியவரோ கள்ளம் கபடம் அறியாதவர். நேற்றுகூட வரப்பில் வந்து நின்று, "நாளைக்கு எனக்கு மண்டபத்துல பேச்சு, தம்பி. சாயங்காலம் வரைக்கும் இந்தப் பக்கமே வரமாட்டேன்" என்று ஒன்றுக்கு இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனார்.

மண்டபத்து ஒலிபெருக்கி வயல்வரை கேட்டது. "என் வயல்ல ஒரு சொட்டு ரசாயனம் விழுந்ததில்ல! எல்லாம் வேப்பிலை செய்யுற வேலை!" கைதட்டல் அதிர்ந்தது. அந்தச் சத்தத்தோடு சத்தமாகச் சின்னவர் பம்பை அடித்துத் தெளிக்க ஆரம்பித்தார்.

செடியைக் கருக்கப் போகிறார் என்றுதானே நினைத்தீர்கள்? டேங்கில் இருந்தது இலைப்புள்ளி நோய்க்கான பூஞ்சைக்கொல்லி, அதுவும் அளவு பிசகாமல் கலந்தது. வேப்பிலைக் கரைசலும் நல்லதுதான். நோய் முற்றுவதற்கு முன்பே விடாமல் அடிக்க வேண்டும். பெரியவருக்கு அதைப் பற்றிப் பேசவே நேரம் போதவில்லை.

அவர் வயலில் புள்ளி விழுந்தால், காற்றில் பூஞ்சை வித்து பறந்து சின்னவர் வயலில் இறங்கும். அதற்கு வரப்பும் தெரியாது, சகலை உறவும் தெரியாது. முன்பு ஒரு வருஷம் அப்படித்தான் இரண்டு வயலிலும் இலை கொட்டி, கடலை பொக்காய்ப் போனது. இன்னொரு தடவை அப்படி ஆனால் சின்னவர் நிலத்தை விற்க வேண்டியதுதான்.

"மருந்து அடிங்கண்ணே" என்று கெஞ்சிப் பார்த்தார். "இயற்கை பாத்துக்கும் தம்பி" என்றார் பெரியவர். அன்று தொடங்கியது இந்தத் திருட்டு வைத்தியம். அதற்குப் பிறகுதான் பெரியவர் வயலில் புள்ளி நின்றது. மேடையும் மாலையும் தேடி வந்தன.

"தம்பி!"

சின்னவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பின்னால் பெரியவரின் மனைவி இடுப்பில் கை வைத்தபடி நின்றிருந்தாள்.

"அண்ணி... விஷமில்ல அண்ணி, சத்தியமா! புள்ளி நோய்க்கு மருந்துதான். உங்க வயல்ல வந்தா என் வயலும் போயிடும், அதான்..." முகத்துத் துண்டை அவிழ்த்துவிட்டுக் கும்பிட்டார். "அண்ணன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. தெரிஞ்சா மனுஷன் மேடையிலேயே உயிரை விட்டுடுவாரு."

அவள் செடிகளைப் பார்த்தாள். டேங்கைப் பார்த்தாள். மண்டபத்தில் மறுபடியும் கைதட்டல் எழுந்தது. அது ஓயும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னாள்:

"போன தடவை கிழக்கு மூலையை விட்டுட்டீங்களாம், உங்க அண்ணன் சொல்லச் சொன்னாரு."